ரெண்டு சுப்பம்மா

பட்டுமலைத் தோட்டத்தில் அன்று பால்வெட்டு நடக்கவில்லை. விடியும் முன்பே குருவிட்டப் பக்கமிருந்து மழை ஏறி வந்துவிட்டது. பட்டை நனைந்த இறப்பர் மரத்தை வெட்டினால் பால் சிரட்டைக்குள் இறங்காது. மரத்தோடு வழிந்து மண்ணுக்குத்தான் போகும். காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் வாளியும் கத்தியுமாக நின்ற பெண்களைக் கங்காணி ஒரு கையசைப்பில் திருப்பி அனுப்பினார். துஷ்யந்தி தலையில் கவிழ்த்திருந்த உரப்பையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வரிசை வீடு இருந்த பணிய லயத்துக்கு இறங்கினாள். வாசலில் நின்று கணுக்காலில் ஒட்டியிருந்த இரண்டு அட்டைகளைச் சவர்க்காரத் துண்டால் தேய்த்து உதிர்த்துவிட்டு உள்ளே போனபோது அடுப்படியில் ரொட்டி கருகும் வாடை வந்தது.

அவளுடைய அப்பா ராமச்சந்திரன் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். தோட்டத்து ஸ்டோரில் பால் ஷீட் உருட்டும் மெசினோடு முப்பது வருசம் நின்ற மனுசன். அவருக்கு ரொட்டி தட்டத் தெரியாது. துஷ்யந்தியின் அம்மா சுப்பம்மா செத்த பிறகு தினமும் தட்டிப் பார்க்கிறார்.

"தள்ளுங்கப்பா, நான் பாக்குறேன்."

"வெட்டு இல்லியா?"

"மழ பேயிறது ஒங்களுக்குக் கேக்கலியா?"

சொன்ன பிறகுதான் இவ்வளவு கடுப்பாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஆனால் இப்போதெல்லாம் வாயைத் திறந்தால் அப்படித்தான் வருகிறது. அவள் புருசன் வரக்காப்பொலயில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறான். மாதம் ஒரு தடவை வந்துபோவான். போன தடவை வந்தவன், "நீ என்னோட பேசுறியா, சண்ட புடிக்கிறியா" என்று கேட்டுவிட்டு ஒரு நாள் முந்தியே பஸ் ஏறிவிட்டான்.

கட்டச் சம்பலை அம்மியில் வைத்து இரண்டு இழுப்பு இழுக்கும்போது தொழிற்சங்கத் தலைவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"துஷ்யந்தி, நாளைக்கு பத்து மணிக்கு ஒபீசுல கூட்டம். டிஸ்பென்சரி கம்பியூட்டருக்குப் புதுசா சொப்ட்வெயார் போடப் போறாங்களாம். ரெண்டு மூணப் பாத்து நல்லதா ஒண்ண எடுக்கப் போறாங்க. ஒங்க ஊட்டு ஆளு ஒருத்தரு கட்டாயம் இருக்கணும்னு நான் தொரகிட்ட பேசி எடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... ஒங்கம்மா விசயம் இருக்கில்ல."

"சொப்ட்வெயார் பாத்தா எங்கம்மா எந்திரிச்சு வருமா தலைவரே?"

தலைவர் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார். "கோவப்படாத புள்ள. இனி யாருக்கும் அப்பிடி வரக்கூடாதுல்ல. நீ சும்மா வந்து ஒக்காந்திரு. கடைசில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் துஷ்யந்தி அம்மிக்குழவியைப் பிடித்தபடியே இருந்தாள். உள்காம்பராவில் தம்பி கிருஷ்ணராஜ் டிஸ்பென்சரி வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். தலைவர் சொன்னது எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும். அவளைத் தாண்டி வெளியே போனான்.

"ரொட்டி தின்னுட்டுப் போடா."

"பசிக்கல."

துக்கத்தில்தான் இப்படி இருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

*

சுப்பம்மா செத்தது வைகாசியில். விறகு பொறுக்கப் போன இடத்தில் வெட்டிப்போட்ட இறப்பர்க் கட்டையின் முனை உள்ளங்காலில் ஏறியது. மூன்றாம் நாள் கால் பூசணிக்காய் போல வீங்கியது. ராமச்சந்திரன் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். துஷ்யந்தி அப்போது மலையில் பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுப்பம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்று பிழைத்தவள். அந்தக் காலத்து டிஸ்பென்சர் அவளுடைய டிஸ்பென்சரி அட்டையில் குறுக்கே சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார். போன வருசக் கடைசியில் டிஸ்பென்சரிக்குக் கணினி வந்தது. எல்லாருடைய விபரமும் அதற்குள் ஏற்றப்பட்டது. பிறகு அட்டைகளை மூட்டையாகக் கட்டி, ஷீட் புகை போடும் வீட்டு அடுப்பில் எரித்துவிட்டார்கள். இடத்தை அடைக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

"எனக்கு அந்த மருந்து ஒத்துக்காதுங்கய்யா," என்று சுப்பம்மா சொல்லியிருக்கிறாள். ராமச்சந்திரன் பக்கத்தில் நின்று கேட்டார். டிஸ்பென்சர் ஐயா சிங்களவர், வயதானவர், தமிழ் அரைகுறையாகப் பேசுவார், கெட்ட மனுசன் இல்லை. அவர் கணினித் திரையைப் பார்த்தார். சுப்பம்மா, வயது ஐம்பத்தெட்டு, ஒவ்வாமை ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது. "அம்மா, இதுல ஒண்ணும் இல்ல. அது வேற மருந்தாக்கும்," என்று சொல்லிப் பென்சிலின் குளிசையைக் கொடுத்தார். சுப்பம்மா அங்கேயே தண்ணீர் வாங்கிக் குடித்து விழுங்கினாள். டிஸ்பென்சரிப் படி இறங்கும்போதே தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து லொறியில் ஏற்றிக் குருவிட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மண் சரிந்து பாதி அடைத்த வளைவில் லொறி நின்று நின்று போக, ராமச்சந்திரனின் மடியிலேயே உயிர் போய்விட்டது.

கணினி ஏன் அப்படிக் காட்டியது என்பது பிறகு தெரிந்தது. மேட்டு லயத்தில் இன்னொரு சுப்பம்மா இருக்கிறாள். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. இவள் புருசன் ராமச்சந்திரன், அவள் புருசன் ராஜலிங்கம். இரண்டு பேருமே ஆங்கிலத்தில் ஆர். சுப்பம்மா. கணினிக்குள் இரண்டு பேரும் ஒரே ஆளாகிப் போயிருந்தார்கள். மிஞ்சியது மேட்டு லயத்தாளின் விபரம்.

"கம்பியூட்டர்ல ஒரு பிழை," என்று தொழிலாளர் நலன் பார்க்கும் தோட்டத்து வெல்பெயார் ஐயா சாவு வீட்டில் வந்து சொன்னார். யாரோ மழை பெய்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

*

மறுநாள் ஒபீஸ் மண்டபத்தில் மேசை போட்டு, டிஸ்பென்சரிக் கணினியைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தகரத்தில் மழை அடித்ததால் எல்லாரும் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. தோட்டத்து மேனேஜர் தொரை நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் வெல்பெயார் ஐயா, மறுபக்கம் டிஸ்பென்சர் ஐயா. டிஸ்பென்சர் ஐயா துஷ்யந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார். இப்போது கணினியில் இருப்பது அவர்கள் போட்டுக் கொடுத்தது. அதன் புதியதை விற்க வந்திருந்தார். இன்னொரு பக்கம், குருவிட்ட டவுனில் மக்கீன் முதலாளியின் கம்பியூட்டர்க் கடையில் வேலை செய்யும் ஷாமிளா. தலையை மூடிய முக்காட்டின் ஓரம் நனைந்திருந்தது. டிஸ்பென்சரிக் கணினி நின்றுபோகும் போதெல்லாம் வந்து சரிபார்க்கிறவள் அவள்தான். அவளையும் கூப்பிட வேண்டும் என்று சொன்னது டிஸ்பென்சர் ஐயா.

கணினிக்கு முன்னால் கிருஷ்ணராஜ். யார் எதைக் காட்டச் சொன்னாலும் தட்டிக் காட்டுவது அவன் வேலை.

"தமிழும் சிங்களமும் கலந்தே பேசுவோம்," என்று தொரை ஆரம்பித்தார். "நடந்தது கவலையான விசயம். இனி சரியான டேட்டாபேஸ் ஒண்ணு வேணும். எல்லாருமா சேர்ந்து தெரிவு செய்வோம். பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது."

துஷ்யந்திக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் குத்தியது. கையெழுத்து எதற்கென்று அப்போது விளங்கியது.

டிஸ்பென்சர் ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார், "எக்செல்ல கட்டம் போட்டு எழுதினாலே போதும் தானே? லேசு. எனக்கும் விளங்கும்."

"அது கணக்குப் பாக்கச் சரி ஐயா," என்றாள் ஷாமிளா. "ஆள்ட நோய் வருத்தம், மருந்து வெக்கச் சரிவராது. பேர மட்டும் அகர வரிசைக்கு அடுக்கினா, பக்கத்துக் கட்டம் அப்பிடியே நிண்டுடும். ஒராள்ட வருத்தம் அடுத்த ஆளுக்குப் போயிடும். ஒங்களுக்குத் தெரியவும் வராது."

டிஸ்பென்சர் ஐயா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பெனிக்காரர் தன்னுடையதைக் காட்டினார். எல்லா விபரமும் கொழும்பில் பெரிய கணினிகளில் இருக்கும், தீப்பிடித்தாலும் அழியாது, தோட்டத்துக் கம்பெனியின் தலைமை ஒபீசிலிருந்தே பார்க்கலாம், வருசா வருசம் ஒரு தொகை கட்டினால் போதும் என்றார். அதைக் காட்டுவதற்கு இன்டர்நெட் வேண்டும். மழைக்கு சிக்னல் இல்லை. அவர் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போனார், பிறகு வாசலுக்குப் போனார், பிறகு கையை வெளியே நீட்டிப் பிடித்தார்.

"மழ நாளுல நோயாளி வந்தா நீங்களும் வந்து இப்பிடிக் கைய நீட்டிக்கிட்டு நிப்பீங்களா?" என்று துஷ்யந்தி கேட்டாள்.

தலைவர் அவள் முழங்கையைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒருவாறு சிக்னல் வந்தது. திரை முழுக்க ஆங்கிலம். "தமிழ் இல்லியா?" என்று அவள் கேட்க, அடுத்த வருசம் வரும் என்றார்.

"சரிங்க. எனக்கு ஒண்ணு காட்டுங்க. எங்கம்மாவையும் போடுங்க, மேட்டு லயத்துச் சுப்பம்மாவையும் போடுங்க."

வெல்பெயார் ஐயா குறுக்கே வந்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"போட்டுக் காட்டச் சொல்லுங்கய்யா. எங்க ஊட்டு ஆளு வரணும்னு கூப்புட்டீங்க. வந்திருக்கேன்."

தொரை தலையசைத்தார். கிருஷ்ணராஜ் முதல் பெயரை அடித்தான். இரண்டாவதை அடிக்கும்போது அவன் விரல்கள் தடுமாறுவதைத் துஷ்யந்தி பார்த்தாள். அம்மா பெயர் என்பதால் என்று நினைத்தாள். அடித்து முடித்ததும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இரண்டு வரி ஆங்கிலம், கீழே இரண்டு பொத்தான். அவன் கை மேசையிலிருந்து எழும்பவில்லை.

"ஆ, இதுதான் எங்கட ஸ்பெசல்," என்று கம்பெனிக்காரர் சந்தோசமாகக் குனிந்தார். "ஒரே பேரு ரெண்டு தரம் வந்தா சிஸ்டமே கண்டுபிடிக்கும்." அவரே கையை நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினார். பெட்டி மறைந்தது. திரையில் ஒரே ஒரு ஆர். சுப்பம்மா இருந்தாள்.

"எங்கம்மா எங்க?" என்றாள் துஷ்யந்தி.

கம்பெனிக்காரர் திரையைப் பார்த்தார். தொரையைப் பார்த்தார். "ரெண்டும் சேர்ந்திருக்கு. அதாவது, நான் இப்ப சும்மா காட்டுறதுக்காக..."

"எங்கம்மா எங்கன்னு கேட்டேன்."

கம்பெனிக்காரர் பொத்தானைத் தட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

*

ஷாமிளா தன் முறை வந்ததும் பென்டிரைவைச் செருகி ஒன்றைத் திறந்தாள். "இதுக்குக் காசு இல்ல. உலகத்துல நெறயப் பேரு சேந்து செஞ்சி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் எண்டு விட்ட சாமான். இந்தப் பெட்டிக்குள்ளயே இரிக்கி. இன்டர்நெட் தேவயில்ல. பின்னேரம் பின்னேரம் ஒரு கொப்பி பென்டிரைவ்ல எடுத்து அலுமாரியில வெச்சாச் சரி. தமிழ்லயும் சிங்களத்துலயும் கேக்குற மாதிரி நான் செஞ்சி தந்திருக்கன்."

"இலவசமா கிடைக்கிறதுக்கு யாரு பொறுப்பு?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். "நாளைக்கு ஒண்ணு நடந்தா யாரப் புடிக்கிறது?"

"காசு குடுத்து வாங்குனதுக்கு யாரு பொறுப்பா நின்னாங்க?" என்றாள் துஷ்யந்தி. பிறகு ஷாமிளாவிடம் திரும்பினாள். அவளிடமும் குரல் இளகவில்லை. "ஒங்களதுலயும் ரெண்டு பேரையும் போட்டுக் காட்டுங்கக்கா."

கிருஷ்ணராஜ் அடித்தான். இரண்டாவது சுப்பம்மாவை அடித்து முடித்ததும் இங்கேயும் ஒரு பெட்டி வந்தது.

"பாருங்க, இதுவும் அதையேதான கேக்குது," என்றாள் துஷ்யந்தி. "என்னா வித்தியாசம்?"

"கேக்கத்தான் வேணும் தங்கச்சி. ஒராள ரெண்டு தரம் போட்டாலும் ஆபத்துதானே. ஆனா இது விளங்குற மாதிரி கேக்கும். பேசாம விட்டா ரெண்டு பேரயும் தனித்தனியாத்தான் வெக்கும். எதையும் அழிக்காது. தம்பி, கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

கிருஷ்ணராஜ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாசிங்க தம்பி."

"இவர்கள் இருவரும் ஒரே ஆளா?" என்று அவன் வாசித்தான். குரல் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது. "ஆம் என்றால் ஒருவருடைய விபரம்..." அங்கேயே நின்றான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நாந்தான் அமத்துனேன்," என்றான்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"அட்டையப் பாத்து எல்லாரையும் ஏத்துனது நான். அந்த இங்கிலீஸ் பெட்டி வந்துச்சு. என்னா கேக்குதுன்னு வெளங்கல. வெல்பெயார் ஐயாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். எது கேட்டாலும் யெஸ் குடு, மாசம் முடியிறதுக்குள்ள முடிச்சாகணும்னு சொன்னாரு. யெஸ் குடுத்தேன். எத்தன பேருக்குக் குடுத்தேன்னு தெரியாது. அம்மாவ நாந்தான் அழிச்சேன்."

வெல்பெயார் ஐயாவின் முகம் கறுத்தது. "நான் அப்பிடிச் சொல்லவே இல்ல. தொர, இவன் பொய் சொல்றான். கவனமா செய்னுதான் சொன்னேன்."

தொரை பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு நிதானமாக, கிட்டத்தட்ட நிம்மதியாக, "அப்ப விசயம் தெளிவாயிடுச்சு," என்றார். "சிஸ்டத்துல குறை இல்ல. ஏத்துன ஆள் செஞ்ச பிழை. அதுவும் குடும்பத்து ஆள். ரொம்பக் கவலையான விசயம்தான். புது சிஸ்டத்தோட நல்ல டிரெய்னிங் ஒண்ணும் குடுக்கச் சொல்லுவோம்." கம்பெனிக்காரர் அவசரமாகத் தலையாட்டினார். தொரை தாளைத் துஷ்யந்தியின் பக்கம் தள்ளினார். "இதுல கூட்டத்துக்கு வந்ததா ஒரு கையெழுத்துப் போடுங்க."

துஷ்யந்தி தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தாளையும் தொடவில்லை.

"வைக்க மாட்டேன்," என்றாள். "எங்க ஊட்டுக் குத்தத்த நாங்க ஊட்டுல பாத்துக்கிறோம். ஒங்க குத்தத்த யாரு பாக்கப் போறா? அவனுக்கு இங்கிலீஸ் தெரியாதுன்னு தெரிஞ்சுதான வேலைக்கு எடுத்தீங்க. தெரிஞ்சவனுக்குச் சம்பளம் கூடக் குடுக்கணும்னுதான எடுத்தீங்க. அட்டைய எரிக்கச் சொன்னது யாரு? அவனா? எனக்கு ஒத்துக்காதுன்னு எங்கம்மா வாயால சொல்லிச்சு. உசிரோட எதிர்ல நின்னு சொல்லிச்சு. அதக் கேக்காம பெட்டியப் பாக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?"

டிஸ்பென்சர் ஐயா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அது நான்," என்று சிங்களத்தில் சொன்னார். "அந்த அம்மா சொன்னத நான் கேட்டிருக்கணும்."

துஷ்யந்தி எழுந்து வெளியே நடந்தாள். உரப்பையை எடுக்க மறந்து, லயம் வரைக்கும் நனைந்துகொண்டே போனாள்.

*

கிருஷ்ணராஜ் இருட்டும் நேரத்தில்தான் வீட்டுக்கு வந்தான். அதற்குள் தோட்டம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ராமச்சந்திரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துஷ்யந்தி அவித்த மரவள்ளிக் கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். அவன் வாசல்படியிலேயே நின்றான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்று அவள் கேட்டாள்.

"பொதச்ச மறுநாளு. டிஸ்பென்சரிக்குப் போயி அம்மா பேரப் போட்டுத் தேடிப் பாத்தேன். ஒரு சுப்பம்மாதான் வந்துச்சு. அப்பத் தெரிஞ்சுது."

"கருமாதி வரைக்கும் எங்கூட ஒக்காந்து அழுத."

"ஆமா."

"மொத மண்ணு போட்ட. மொட்ட போட்ட. கம்பியூட்டர் பிழைன்னு அவங்க வந்து சொன்னப்ப, நான் ஊரெல்லாம் கத்துனப்ப, பக்கத்துல நின்னுகிட்டு இருந்த."

"பயமா இருந்துச்சுக்கா."

"என்னா பயம்?"

"ஒன்னப் பாத்து."

கையிலிருந்த கிழங்கை அவள் அவன் மேல் எறிந்தாள். அது தோளில் பட்டு வாசலில் விழுந்து சிதறியது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்தாள். கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று, இன்னொன்று. அவன் தடுக்கவில்லை. அவன் தடுக்காதது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"விட்டுரு," என்றார் ராமச்சந்திரன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "நானுந்தான் பக்கத்துல நின்னேன். அவ ஒத்துக்காதுன்னு சொன்னா. ஐயா பெட்டியப் பாத்தாரு. நானும் பெட்டியப் பாத்தேன். பெட்டியில இல்லாதது எப்பிடி இருக்கும்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வருசம் கூட வாழ்ந்தவன் நான். என்னையும் அடி."

துஷ்யந்தி சட்டையை விட்டாள். அடுப்படிக்குத் திரும்பிப் போய், இருந்த கிழங்கை மூன்று தட்டில் போட்டு, சம்பலை வைத்து, இரண்டு தட்டைக் கீழே தள்ளிவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு உள்காம்பராவுக்குப் போனாள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

மறுநாள் வெயில் எறித்தது. பால்வெட்டு நடந்தது. பால் கொண்டுவந்து அளக்கும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்றபோது வெல்பெயார் ஐயா வந்தார். கம்பெனிக்காரரின் புது சிஸ்டத்துக்கு மறுபடி எல்லாருடைய விபரமும் எடுக்க வேண்டும், ஒவ்வொருவராகப் பெயரும் பிறந்த வருசமும் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். வரிசையில் முதலில் நின்றது மேட்டு லயத்துச் சுப்பம்மா. மெலிந்தவள், எப்போதும் தலையைக் குனிந்து பேசுகிறவள். அம்மாவின் சாவுக்குப் பிறகு துஷ்யந்தியைக் கண்டால் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தாள், தன் பேரால்தான் ஒருத்தி செத்தாள் என்ற மாதிரி.

"பேரு?" என்றார் வெல்பெயார் ஐயா.

"சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.

"என்னா?"

"நீங்க எழுதுறது எனக்கு வெளங்குற பாசையில இருந்தா சொல்றேன். நான் சொல்றத எனக்கே திருப்பி வாசிச்சுக் காட்டுனா சொல்றேன். இல்லாட்டி என் பேரு ஒங்களுக்கு எதுக்கு? ஒருத்தியத்தான் என் பேருக்குள்ள போட்டுப் பொதச்சிட்டீங்களே."

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். அடுத்தவளும் பெயர் சொல்லவில்லை. அதற்கடுத்தவளும் இல்லை. துஷ்யந்தியின் முறை வந்தபோது அவள் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. வெல்பெயார் ஐயா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

பெண்கள் அதில் உறுதியாக நின்றார்கள். கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்தார்கள், சத்துமாவு வாங்கினார்கள், பெயரை மட்டும் கணினிக்குச் சொல்லவில்லை. டிஸ்பென்சர் ஐயா ஒரு பழைய கொப்பியில் கையால் எழுதிக்கொண்டார், மருந்து கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும், "என்ன மருந்து ஒத்துக்காது?" என்று தமிழில் கேட்கப் பழகிக்கொண்டார். கடைசியில் தொரை இறங்கி வந்தார். ஷாமிளாவைக் கூப்பிட்டு அவளுடையதைப் போடச் சொன்னார். நியாயம் விளங்கி இறங்கி வரவில்லை. பெயரே இல்லாத சிஸ்டத்துக்கு வருசா வருசம் பணம் கட்டுவதை மேலிடத்தில் சொல்ல முடியாது, இதற்கோ காசு இல்லை என்பதால் வந்தார். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஷாமிளா ஒவ்வொரு லயமாக வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் முன்னாலும் திரையைத் திருப்பி வைத்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி ஏற்றினாள்.

ஆனால் துஷ்யந்திக்கு அது போதவில்லை. கிணற்றடியில் பெண்கள், "ஜெயிச்சிட்டோம்ல," என்று சொன்னபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வெல்பெயார் ஐயா அதே மோட்டார் சைக்கிளில், அதே சட்டையில் போய்வந்துகொண்டிருந்தார். தம்பிக்கு வேலை போயிருந்தது. தொரையின் ஒபீஸ் கோப்பில் "குடும்பத்து ஆள் செய்த பிழை" என்று எழுதி முடித்துவிட்டார்கள் என்று தலைவர் வந்து சொன்னார்.

"பொலிசுக்குப் போறேன்," என்றாள் துஷ்யந்தி.

"யோசிச்சுப் பேசு புள்ள. வெல்பெயார் சொல்லித்தான் அமத்துனேன்னு ஒன் தம்பி போயி வாக்குமூலம் குடுத்தா, அமத்துனது அவன்னுதான் முதல்ல எழுதுவாங்க. அவன உள்ள போட்டுருவாங்க. வெல்பெயார் வெளிய நிப்பாரு. பேசாம இருந்தா ஸ்டோர்ல அவனுக்கு ஒரு வேல போட்டுத் தாரதா தொர சொல்றாரு."

"எங்கம்மாவுக்கு வெல ஸ்டோர் வேலையா?"

தலைவர் போன பிறகு கிருஷ்ணராஜ் உள்ளேயிருந்து வந்தான். சட்டை மாற்றியிருந்தான். அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தான். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அவளும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ராமச்சந்திரன் இரண்டு பேரும் ரோட்டில் போய் மறையும் வரை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அவள் முன் ஆசனத்தில் இருந்தாள், அவன் பின்னால் நின்றான். குருவிட்டயில் இறங்கியபோது மறுபடி மழை பிடித்திருந்தது. பொலிஸ் நிலைய வாசலில் அவன் கொஞ்சம் நின்றான். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவனும் வந்தான்.

மேசையில் இருந்த சார்ஜன்ட் வயதானவர். பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்றார். துஷ்யந்தி சிங்களத்தில் சொன்னாள், அம்மாவின் காலில் கட்டை ஏறியதிலிருந்து. நடுவில் நிறுத்தி, "மற்றத இவன் சொல்லுவான்," என்றாள். கிருஷ்ணராஜ் சொன்னான். பொத்தானை அமத்தியதைச் சொன்னான், யார் அமத்தச் சொன்னது என்பதைச் சொன்னான், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் கேட்காமலே சொன்னான். ஒன்றையும் விடவில்லை.

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். செத்தவளின் மகள் ஒரு பக்கம். விபரத்தை அழித்தவன் மறுபக்கம். இவளே அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல.

"அப்ப முறைப்பாடு இவனுக்கு எதிராகவும் தானே?" என்று கேட்டார். பேனாவால் கிருஷ்ணராஜைக் காட்டி, "மெயா ஒயாட்ட கவுத?" என்றார். இவன் உனக்கு யார்?

துஷ்யந்தி தம்பியைப் பார்த்தாள். மொட்டை போட்ட தலையில் முடி அரை விரல் அளவுக்கு வளர்ந்து, மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, அவள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறவன் போல நின்றான். அவனை அடித்த கை இன்னும் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

"மகே மல்லி," என்றாள். என் தம்பி. சத்தமாக, கோபமாக, அந்த நிலையத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எழுதுங்க. இவனுக்குப் பக்கத்துல என் பேரையும் எழுதுங்க."